மரித்தவர் பெயரால் ஒரு தாய் வாழட்டும்

நவம்பர் மாதம் பிறந்ததும் நமது சேமக்காலைகளில் ஆள்நடமாட்டம் மிகுந்துவிடுகிறது. புல் செதுக்கப்படுகிறது. கல்லறைகளுக்கு வெள்ளை பூசப்படுகிறது. மெழுகுதிரிகளையும் மலர்களையும் ஏந்திக் குடும்பம் குடும்பமாகச் சென்று, நமக்கு முன்னே சென்றுவிட்ட பெற்றோருக்காகவும் துணைவருக்காகவும் பிள்ளைகளுக்காகவும் மன்றாடுகிறோம். இது நம் முன்னோர் நமக்குக் கையளித்த நல்ல வழக்கம். இதைக் குறைகூற எவருக்கும் மனம் வராது.

ஆயினும் வாசகரே, இந்த மாதத்தில் நம்மை நாமே கேட்டுப் பார்க்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மரித்தவரின் பெயரால் நாம் பணம் செலவிடுகிறோம். 31ஆம் நாள் விருந்து, ஆண்டு நினைவு விருந்து, பத்திரிகையில் படத்தோடு அறிவித்தல், பளிங்குக் கல்லறை, நினைவுமலர் என்று அச்செலவு நீள்கிறது. இவற்றுள் எது மரித்தவருக்காக? எது நம் துயருக்காக? எது ஊராரின் கண்ணுக்காக? இக்கேள்விக்குப் பதில் சொல்ல முற்படும்போதே, நினைவுத் தருமம் என்பதன் பொருள் நமக்கு விளங்கத் தொடங்கும்.

திருச்சபையின் போதனையிலிருந்து தொடங்குவோம். மரித்தோருக்காகப் பலி ஒப்புக்கொடுப்பது பழைய ஏற்பாட்டுக் காலம் முதல் இருந்துவருவதை மக்கபேயர் இரண்டாம் நூலில் காண்கிறோம். போரில் மடிந்த தன் வீரர்களின் பாவப் பரிகாரத்துக்காக யூதாஸ் மக்கபே இரண்டாயிரம் வெள்ளிக் காசு திரட்டி யெருசலேமுக்கு அனுப்பினான். செத்தவர்கள் உயிர்ப்பார்கள் என்று நம்பியதாலேயே அவன் அப்படிச் செய்தான் என்று அந்நூல் அவனைப் புகழ்கிறது. இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் மரித்தோருக்காகத் திருப்பலியையும் செபத்தையும் மட்டுமல்ல, தருமம் கொடுப்பதையும் பரிந்துரைக்கிறது. ஆகவே திருப்பலி, செபம், தருமம் என்னும் மூன்றும் மரித்தோருக்கு நாம் செய்யும் கடனாகும். முதல் இரண்டையும் நாம் ஒழுங்காகச் செய்கிறோம். மூன்றாவதோ நம்மிடையே மெல்ல மெல்ல உருமாறி, உறவினருக்கும் அயலவருக்கும் வைக்கும் ஒருநேர விருந்தாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பந்தியில் அமர்பவர்களுள் பெரும்பாலோர் அன்று பசித்திருந்தவர்கள் அல்லர்.

தருமம் என்றால் இல்லாதவனுக்குக் கொடுப்பது. அப்படியானால் யாருக்குக் கொடுப்பது? கைநீட்டுவோர் பலர் இருக்க, இக்கட்டுரை ஒரு கூட்டத்தாரை மாத்திரம் உங்கள் முன் நிறுத்துகிறது. பிள்ளை பெறவிருக்கும் ஏழைத் தாய்மாரே அவர்கள். ஏன் இவர்களை என்பதற்குக் காரணம் உண்டு.

வேதாகமத்தில் பிள்ளைப்பேற்றில் இறந்த ஒரு தாய்க்கு எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தைப் பற்றி ஆதியாகமம் பேசுகிறது. எப்பிராத்தாவுக்குப் போகும் வழியில் இராக்கேலுக்குப் பிரசவ வேதனை உண்டாயிற்று. மருத்துவிச்சி அருகிருந்து தேற்றினாள். பென்யமின் பிறந்தான்; இராக்கேல் இறந்தாள். யாக்கோபு அவள் கல்லறையின்மேல் ஒரு தூணை நாட்டினான். அவளை நேசித்த நேசத்தால் பதினான்கு ஆண்டுகள் உழைத்தவன் அவன். ஆயினும் அந்தப் பாதையோரத்தில் அவனால் செய்ய முடிந்தது அவ்வளவே.

பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1631ஆம் ஆண்டில், இந்தியாவின் புர்கான்பூரில் மும்தாஜ் மகால் தன் பதினான்காவது பிள்ளையைப் பெற்றபோது இறந்தாள். ஷாஜகான் கட்டிய தாஜ்மகாலை உலகமே வந்து பார்க்கிறது. அது ஒரு பிரசவ மரணத்தின் நினைவுச்சின்னம் என்பதைப் பார்ப்பவர்களுள் எத்தனைபேர் நினைக்கிறார்கள்? யாக்கோபையும் ஷாஜகானையும் நாம் குற்றஞ்சாட்ட முடியாது. கொட்டும் உதிரத்தை நிறுத்தும் மருந்து அன்று அரசனிடமும் இல்லை, ஆயனிடமும் இல்லை. அவர்கள் கையில் இருந்தது கல் மாத்திரமே.

நம் நிலை வேறு. தாய்மார் எதனால் இறக்கிறார்கள் என்பது இன்று வைத்தியர்களுக்குத் தெரியும். பிரசவத்துக்குப் பின் நில்லாத உதிரப்போக்கு, கர்ப்பகாலத்தில் ஏறும் இரத்த அழுத்தமும் அதனால் வரும் வலிப்பும், கிருமித்தொற்று ஆகியவை முக்கிய காரணங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்தும் முறையும் உண்டு. அப்படியிருந்தும் 2023ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 2,60,000 தாய்மார் கர்ப்பத்தினாலும் பிரசவத்தினாலும் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நாளொன்றுக்கு எழுநூறு பேருக்கு மேல்! இவர்களுள் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டோர் வறிய நாடுகளின் பெண்கள். மருந்து இல்லாத நோயால் அல்ல, மருந்து வந்துசேராத தூரத்தாலும் வறுமையாலும் இவர்கள் இறந்தார்கள். எனவே கல் மாத்திரமே எங்களிடம் இருந்தது என்று நாம் சொல்ல முடியாது.

இதை நன்கு உணர்ந்த ஒரு கணவரின் கதை நம் தமிழ் மண்ணோடு தொடர்புடையது. 1820ஆம் ஆண்டளவில் பண்டத்தரிப்பில் வந்து பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கட்டரை யாழ்ப்பாணத்தார் சிலர் அறிந்திருப்பர். அவருடைய பேர்த்தி ஐடா ஸ்கட்டர் 1870இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயைப் பார்க்கத் திண்டிவனத்துக்குத் திரும்பியிருந்தார். மிஷன் வேலையில் தங்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. ஓரிரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் இன்னொரு சாதி இந்து. மூவருடைய மனைவியரும் பிள்ளை பெறமுடியாமல் தவித்தனர். ஐடாவின் தந்தையார் வைத்தியர். ஆனால் அந்நிய ஆண் ஒருவர் தம் மனைவியரைப் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவையே அழைத்தனர், அவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர்.

ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று வைத்தியம் படித்து 1899இல் பட்டம் பெற்றார். பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பணம் தேடி நியூயோர்க்கில் அலைந்தார். அங்கே ஷெல் என்னும் முதிய வங்கியாளர், இறந்துபோன தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாகப் பத்தாயிரம் டொலர் கொடுத்தார். அப்பணத்தைக் கொண்டு 1902இல் வேலூரில் நாற்பது கட்டில்களோடு பெண்கள் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1909இல் தாதியர் பயிற்சியும், 1918இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியும் ஐடாவால் தொடங்கப்பட்டன. இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என்று நாம் அறியும் பெரிய நிறுவனம் இவ்வாறு வளர்ந்ததே. இலங்கையிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் அங்கு வைத்தியத்துக்குச் சென்று வந்துள்ளன.

மேரி டேபர் ஷெல் என்ற அந்தப் பெண் வேலூரைக் கண்டவர் அல்லர். ஆனாலும் அவர் பெயர் பொறித்த வாசலால் உள்ளே சென்ற தாய்மார் பிள்ளையோடு வெளியே வந்தனர். அவருடைய கணவர் அதே பணத்தில் நியூயோர்க்கில் ஓர் அழகிய கல்லறை கட்டியிருக்கலாம். ஒருவரும் அவரைக் குறைசொல்லியிருக்கமாட்டார்கள். அவர் தெரிந்துகொண்டதோ வேறொன்று. தன் மனைவிக்கு இனிச் செய்யமுடியாத அன்பை, தான் ஒருபோதும் காணப்போகாத பெண்களுக்குச் செய்தார். நினைவுத் தருமத்தின் உட்பொருள் இதுவே என்பேன். மரித்தவர்மேல் நாம் வைத்த அன்பு அவரோடு புதைக்கப்படுவதில்லை. போக இடமின்றி நம்மிடமே நிற்கிறது. அதற்கு ஓர் அயலானைக் காட்டிக்கொடுப்பதே தருமம்.

நமது திருச்சபையும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளவேண்டியிருந்தது. துறவறச் சபையினர் வைத்தியத் தொழில் செய்வதையும் பிரசவம் பார்ப்பதையும் பழைய திருச்சபைச் சட்டம் தடுத்திருந்தது. ஸ்கொத்லாந்து நாட்டு வைத்தியரும், வயதுசென்றபின் கத்தோலிக்கரானவருமான அக்னஸ் மக்லாரன் அம்மையார், இராவல்பிண்டியில் முஸ்லிம் பெண்கள் ஆண் வைத்தியரிடம் போகமுடியாது பிரசவத்தில் மடிவதைக் கண்டு, கன்னியர் வைத்தியராக அனுமதி தரும்படி உரோமையைத் திரும்பத் திரும்ப வேண்டினார். அது கிடைக்குமுன் 1913இல் மரித்தார். அவருடைய விருப்பத்தைச் சுமந்து, ஒஸ்திரியப் பெண்ணான அன்னா டெங்கல் வைத்தியம் படித்து, 1920இல் இராவல்பிண்டிக்குச் சென்றார். 1925இல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையை நிறுவினார். 1936 பெப்ரவரி 11ஆம் திகதி, லூர்து மாதா திருநாளன்று, கன்னியர் பிரசவம் உட்பட வைத்தியம் முழுவதையும் செய்ய உரோமை அனுமதி வழங்கியது. தாய்மாரின் உயிருக்காகத் திருச்சபை தன் சட்டத்தையே மாற்றியது. மரித்த ஒருவரின் ஆசையை நிறைவேற்றுவதும் ஒரு நினைவுத் தருமமே என்பதற்கு அன்னா டெங்கல் சாட்சி.

இங்கே சிலர் ஓர் எண்ணத்தை முன்வைக்கக்கூடும். பிள்ளைக்காகத் தாய் உயிர்விடுவது பரிசுத்தமான பரித்தியாகம் அல்லவா? புனித ஜியான்னா பெரெத்தா மொல்லாவைத் திருச்சபை பீடத்தில் ஏற்றவில்லையா? ஆம், இத்தாலிய வைத்தியரான அவர் தம் நான்காவது பிள்ளையின் உயிரைக் காக்க உறுதிபூண்டு, அது பிறந்து ஏழாம் நாள், 1962 ஏப்ரலில் மரித்தார். 2004இல் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆனால் அவர் அறிந்து, தாமே மனமுவந்து கொடுத்தார். இரத்தம் கிடைக்காமலும் வாகனம் கிடைக்காமலும் இறக்கும் ஏழைத் தாய் எதையும் கொடுக்கவில்லை, அவளிடமிருந்து பறிக்கப்பட்டது. அவள் மரணத்தை இறைசித்தம் என்று சொல்லிக் கைகழுவுவது பிலாத்துவின் வேலை.

இத்தகைய மரணங்கள் விதியல்ல என்பதற்கு நமது நாடே அத்தாட்சி. 1930களில் இலங்கையில் நூறாயிரம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அதாவது ஐம்பது பிரசவங்களுக்கு ஒரு தாய். 2019இல் அத்தொகை முப்பது அளவுக்கு இறங்கியிருந்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, பயிற்றப்பட்ட மருத்துவிச்சிமார் கிராமம் கிராமமாக வீடு தேடிச் சென்றதும், இலவச ஆஸ்பத்திரிகள் எழுந்ததும், பெண்கள் படித்ததும் இதற்குக் காரணம். ஒரு வறிய நாடு மனம்வைத்தால் என்ன செய்யலாம் என்று உலகம் நம்மைப் பார்த்துப் படித்தது.

அப்படியானால், எல்லாம் அரசாங்கம் செய்கிறதே, நமக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கிளினிக் இலவசம், ஆஸ்பத்திரி இலவசம், 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வண்டியும் இலவசம். ஆயினும் இலவசமான ஆஸ்பத்திரிக்குப் போவது இலவசமல்ல. வன்னியின் உட்கிராமத்திலோ மலைநாட்டுத் தோட்டத்திலோ உள்ள ஒரு தாய் கிளினிக்குக்குப் போகும் நாளில் அவளுக்குக் கூலியில்லை. கூடப்போகும் கணவனுக்கும் கூலியில்லை. வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டால் துணைக்கு வந்தவள் தங்க இடமில்லை, சாப்பாட்டுக்குக் காசில்லை. இரத்தம் குறைந்த உடம்புக்கு முட்டையும் மீனும் கீரையும் வேண்டும் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எத்தனை அடுப்புகளில் அவை ஏறாமற் போயின என்பது நாமறிந்ததே. இத்தகைய சிறு தடைகளால்தான் ஒரு தாய், இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போவோம் என்கிறாள். அந்த ஒருநாள் தாமதம் உயிரைக் குடித்துவிடக்கூடும்.

இந்தச் சிறு தடைகளை நீக்கப் பெரும்பணக்காரர் தேவையில்லை. ஒரு பங்கில் உள்ள வின்சென்ட் டி போல் சபையாரோ மரியாயின் சேனையாரோ மனம்வைத்தால், மரித்தோர் பெயரால் வரும் காணிக்கைகளைச் சேர்த்துத் தாய்மார் நிதியொன்றை நடத்தலாம். கிளினிக் நாளில் வாகனக் கூலி, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சில மாதங்களுக்குச் சத்துணவு, துணைவருபவருக்குச் சாப்பாடு என்று அதிலிருந்து கொடுக்கலாம். எதையும் வாங்குமுன் அவ்வூர் மருத்துவிச்சியிடமும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் என்ன தேவை என்று கேட்பது அவசியம். நம் ஆசைக்கு வாங்கிக் கொடுத்த இயந்திரம் திருத்த ஆளின்றி மூலையில் கிடப்பதால் ஒரு தாயும் பிழைக்கமாட்டாள்.

காசே இல்லாத குடும்பமும் கொடுக்கக்கூடியது ஒன்றுண்டு. அது இரத்தம். பிரசவத்தில் உதிரம் கொட்டும் தாய்க்கு அந்த நேரத்தில் இரத்த வங்கியில் இருப்பதே உயிர். 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட சுகதேகிகள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கலாம். தந்தையின் ஆண்டுத் திருப்பலி முடிந்ததும் பிள்ளைகள் சேர்ந்து இரத்த வங்கிக்குப் போனால், அதைவிடச் சிறந்த நினைவு விருந்து எது? தம் இரத்தத்தையே நமக்குப் பானமாகத் தந்தவரின் பீடத்திலிருந்து நேரே அங்கு போவது எத்துணை பொருத்தம்!

இனி இரண்டொரு எச்சரிக்கைகள். தருமத்துக்கு முன் நீதி. மரித்தவர் பட்ட கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். அவர் வேலைக்காரருக்குக் கொடுக்காத கூலி இருந்தால் கொடுங்கள். அவர் விட்டுச்சென்ற விதவையும் பிள்ளைகளும் தேவையில் இருக்க, வெளியாருக்கு வாரிவழங்குவது தருமமாகாது. பிறர் பொருளை எடுத்து எவரும் தருமம் செய்யமுடியாது என்பதே திருச்சபையின் பழைய போதனை.

பெயர் போடலாமா, கூடாதா என்ற கேள்வியும் உண்டு. வலக்கை செய்வதை இடக்கை அறியவேண்டாம் என்பது ஆண்டவர் கட்டளை. மரித்தவருடைய பெயரைச் சொல்லி, அவருக்காகச் செபிக்கும்படி கேட்பது இதற்கு மாறானதல்ல. பலனடைந்தோர் ஒரு செபம் சொன்னால் அது அந்த ஆன்மாவுக்கு இளைப்பாற்றி. கொடுப்பவரின் பெயரோ அவசியமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கும் தாயை நிறுத்திப் படமெடுக்கவே கூடாது. வயிறும் பிள்ளையுமாக நிற்கும் ஒரு பெண்ணின் வறுமையை ஊருக்குக் காட்டி நாம் பெறும் புகழ், அவளுடைய மானத்திலிருந்து எடுத்தது. கொடுத்ததை ஒரு கையால் திருப்பி வாங்கிக்கொள்வதற்கு அது ஒப்பாகும்.

மனைவியையோ மகளையோ பிரசவத்தில் பறிகொடுத்தவர்கள் இக்கட்டுரையை வாசிக்கக்கூடும். அவர்களுக்கு, தருமம் செய்தால் துயரம் தீரும் என்று எவரும் சொல்லக்கூடாது. தீராது. இராக்கேலை யாக்கோபு கடைசிவரை மறக்கவில்லை. எகிப்தில் மரணப்படுக்கையிலும் அவள் பேரைச் சொன்னான். ஆனால் தன் வீட்டில் நேர்ந்தது இன்னொரு வீட்டில் நேராதபடி ஒருவர் செய்யும் காரியத்தில், மரித்தவளும் பங்குபற்றுகிறாள் என்பதே புனிதர்களின் ஐக்கியத்தில் நமக்குள்ள விசுவாசம். மற்றவர்களும் தம் வீட்டில் அப்படியொரு மரணம் நேர்ந்ததில்லையே என்று ஒதுங்கவேண்டியதில்லை. முதுமையில் மரித்த தகப்பனின் பெயராலும் இதைச் செய்யலாம். அவரையும் ஒரு தாய்தானே பெற்றாள்!

யோப்பாவில் தபித்தா இறந்தபோது, அவள் செய்துகொடுத்த உடைகளை ஏழை விதவைகள் இராயப்பருக்குக் காட்டி அழுதார்கள் என்று அப்போஸ்தலர் பணி நூலில் காண்கிறோம். அவளுக்கு அவர்களே நினைவுமலர். நமது தேவமாதாவும், தாமே கர்ப்பவதியாயிருந்தும், மலைநாட்டுக்கு விரைந்து சென்று, எலிசபெத்தம்மாளோடு மூன்று மாதம் தங்கியிருந்தார்கள். வானதூதரின் செய்தியைக் கேட்டபின் அவர்கள் மேற்கொண்ட முதற் பயணம் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் வீட்டை நோக்கியதே.

ஆகவே, அன்பார்ந்த வாசகரே, விருந்தை நிறுத்துங்கள் என்றோ கல்லறையைக் கைவிடுங்கள் என்றோ இங்கு சொல்லப்படவில்லை. துயருற்ற வீட்டுக்கு உறவினர் வருவதும், வந்தவருக்கு ஒருபிடி சோறிடுவதும் நம் மரபு. அதில் ஒரு பங்கைக் கேட்கிறோம், அவ்வளவே. அடுத்தமுறை உங்கள் வீட்டில் 31ஆம் நாளுக்கோ ஆண்டு நினைவுக்கோ கணக்குப் போட உட்காரும்போது, அந்தக் கணக்கில் இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: பிள்ளைப்பேற்றுத் தாய் ஒருத்திக்கு இவ்வளவு. எழுதியபின், உங்கள் பங்கில் இந்த மாதம் கிளினிக்குக்குப் போகமுடியாமல் இருப்பவள் யார் என்று விசாரியுங்கள். அவள் வீடு உங்கள் வீட்டுக்கு வெகுதூரத்தில் இருக்காது.